மறுமலர்ச்சிக் கால மானிடவாதிகளும் கைம்பெண்களும்

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கிராமச் சபையில் 1 தீமோத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைப் பொருளாகக் கொண்டு வேத ஆராய்ச்சி வகுப்பு நடத்தினேன். உத்தம விதவை என்பவள் யார், அவள் எவ்வாறு ஒழுக வேண்டும், இளம் விதவைகளுக்குக் கூறப்படும் அறிவுரை யாது என்பனவற்றை வரிசையாக விளக்கினேன். வகுப்பு முடிந்தபின் இளவயதினரான ஒரு கைம்பெண் என்னிடம் வந்தார். "ஐயா, நாங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நன்றாகச் சொன்னீர்கள். சபை எங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த அதிகாரத்தில் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். வீடு திரும்பி அவ்வதிகாரத்தை மீண்டும் வாசித்தேன். விதவைகளைப் பற்றிய பகுதியின் முதல் வசனமே சபைக்கு இடப்பட்ட கட்டளையாக நிற்பதைக் கண்டு நாணினேன்.

நான் கைக்கொண்டிருந்த விளக்க மரபு கைம்பெண்ணின் ஒழுக்கத்தை விரித்துரைத்துச் சபையின் கடமையைச் சுருக்கிக் கூறுவது. இம்மரபின் வரலாற்றைத் தேடுபவர், திருச்சபைப் பிதாக்களிடமிருந்து சீர்திருத்தக் காலத்திற்கு வரும் வழியில், பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளின் மானிடவாதிகளைச் சந்திக்க நேரும். திருமணத்தைப் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனையைப் பெரிதும் மாற்றியவர்கள் அவர்கள். அம்மாற்றம் கைம்பெண்ணின் வாசல் வரை சென்றதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1. மானிடவாதிகள் யாவர்?

மானிடவாதம் என்னும் சொல்லைக் கேட்டதும் கடவுள் மறுப்புக் கொள்கையை நினைப்பாருளர். மறுமலர்ச்சிக் கால மானிடவாதிகள் அத்தகையோர் அல்லர். கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களை மூல மொழிகளிலேயே கற்று, அக்கல்வியால் மனிதரின் பேச்சும் ஒழுக்கமும் பண்படும் என நம்பிய புலவர்களே அப்பெயரால் வழங்கப்பட்டனர். இத்தாலிய நகரங்களில் தோன்றிய இவ்வியக்கம் வடக்கே பரவியபோது, திருமறையையும் திருச்சபைப் பிதாக்களையும் மூல மொழியில் கற்கும் முயற்சியாக வளர்ந்தது. எராஸ்மஸ் 1516ஆம் ஆண்டு பாசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். அதே ஆண்டில் அதே நகரில் ஜெரோமின் நூல்களையும் பதிப்பித்தார். இவ்விரு பதிப்புகளும் ஒருங்கே வந்தமை நம் பொருளுக்கு முக்கியமானது. திருமணத்தைப் பற்றி எராஸ்மஸ் கூறியவற்றுக்குப் புதிய ஏற்பாடு துணைநின்றது. கைம்பெண்ணைப் பற்றி எழுதியோரின் பின்னால் ஜெரோம் நின்றார்.

2. அவர்கள் பெற்ற மரபு

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜோவினியன் என்னும் துறவி, திருமுழுக்குப் பெற்ற கன்னியரும் கைம்பெண்களும் மணமான பெண்களும், மற்றச் செயல்களில் வேறுபடாராயின், ஒரே தகுதியுடையவர்களே எனப் போதித்தார். ரோமாபுரியிலும் மிலானிலும் அவரது போதனை கண்டிக்கப்பட்டது. அவரை மறுத்து ஜெரோம் ஏறத்தாழ 393ஆம் ஆண்டு எழுதிய நூல், விதைப்பவன் உவமையில் வரும் நூறும் அறுபதும் முப்பதுமாகிய பலன்களை முறையே கன்னிமைக்கும் கைம்மைக்கும் திருமணத்துக்கும் உரியனவாக்கியது. பியூரியா போன்ற இளம் கைம்பெண்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் மறுமணத்தைத் தவிர்க்குமாறு வற்புறுத்தின. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மேலைத் திருச்சபை இப்படித்தரங்களைக் கொண்டே பெண்களை அளந்தது. இம்முறையில் கைம்பெண் மணமானவளைவிட உயர்ந்தவள். ஆனால் அவ்வுயர்வு மறுமணம் செய்யாதிருக்கும் வரையில்தான்.

நாட்டு வாழ்க்கையோ வேறு நெருக்கடிகளைக் கொண்டிருந்தது. பிளாரன்ஸ் நகரில் 1427ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட வரிக்கணக்கு இன்றும் உள்ளது. அதனை ஆராய்ந்தோர், பெண்கள் ஏறத்தாழ 18 வயதில் 30 வயதையொட்டிய ஆடவருக்கு மணமுடிக்கப்பட்டனர் எனவும், வயதுவந்த பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கைம்பெண் எனவும் காட்டியுள்ளனர். கணவன் இறந்தால் மனைவி கொண்டுவந்த சீதனம் அவளுக்குத் திரும்ப வேண்டும் என்பது சட்டம். ஆகவே பிறந்த வீட்டார் இளம் கைம்பெண்ணைச் சீதனத்தோடு திரும்ப அழைத்து மறுமணம் செய்விக்க முயல்வர். இறந்தவனின் வீட்டார் சீதனத்தை இழக்க மனமின்றி அவளை நிறுத்திவைக்க முயல்வர். அவள் புறப்பட்டால் பிள்ளைகள் தந்தையின் குலத்தோடு தங்கிவிடுவர். கைம்மையைக் காப்பது மேலான பக்தி என்று பிரசங்க பீடத்தில் கூறப்பட்டபோது, வீட்டில் அது சொத்தைப் பற்றிய வழக்காக இருந்தது.

3. திருமணத்தின் மாண்பு

வெனிஸ் நகரப் பிரபுவாகிய பிரான்செஸ்கோ பார்பாரோ 1415–16ஆம் ஆண்டுகளில் மனைவியைப் பற்றி ஓர் இலத்தீன் நூல் எழுதித் தம் நண்பர் லொரென்சோ தெ மெடிச்சியின் திருமணத்துக்குக் காணிக்கையாக்கினார். அப்போது அவருக்கு வயது 25, மணமாகாதவர். மனைவியைத் தெரிந்துகொள்வதில் செல்வத்தினும் குணமே முதலில் நோக்கத்தக்கது என்றும், தாய் தன் பாலைக் குழந்தைக்கு ஊட்டவேண்டும் என்றும் அவர் எழுதியவை நல்லன. ஆயினும் பெண்ணின் பேச்சும் அவள் உடலைப் போன்றே பிறர் முன் மறைக்கப்படத்தக்கது என்றும் கூறினார். இல்லறம் ஈண்டுச் சிறப்புப் பெறுகின்றது. அவ்வில்லறத்தில் பெண்ணின் குரல் ஒடுங்குகின்றது.

நூறாண்டுகளுக்குப்பின் எராஸ்மஸ் இன்னும் துணிந்து சென்றார். அவர் ஒரு குருவானவருக்கு முறையான திருமணமின்றிப் பிறந்தவர். இளமையில் விருப்பின்றி மடத்தில் சேர்ந்தவர். கட்டாயத் துறவின் விளைவுகளை அவர் பிறர் சொல்லக் கேட்டு அறியவேண்டியதில்லை. 1518இல் அச்சேறிய அவருடைய 'திருமணப் புகழ்ச்சி', ஏதேனில் கடவுளே ஏற்படுத்திய நிலையைத் துறவினும் தாழ்ந்ததாகக் கருதுவது முறையன்று என வாதாடியது. அடுத்த ஆண்டிலேயே லூவேன் இறையியலார் அதனைத் தாக்கினர். அந்நூலைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தவரான லூயி தெ பெர்கேன், எராஸ்மஸின் எழுத்துகளைப் பரப்பியமையால் பலமுறை விசாரிக்கப்பட்டு, 1529இல் பாரிசில் எரிக்கப்பட்டார். திருமணத்தைப் புகழ்வது அக்காலத்தில் எத்துணை இடர் நிறைந்தது என்பதற்கு இது சான்று.

எபேசியர் 5:32இல் உள்ள 'மிஸ்தேரியோன்' என்னும் கிரேக்கச் சொல் இலத்தீன் திருமறையில் 'சாக்ரமெந்தும்' எனப் பெயர்க்கப்பட்டிருந்தது. மூலச்சொல் மறைபொருளைக் குறிக்குமேயன்றி, இவ்வசனம் ஒன்றைக்கொண்டே திருமணத்தை ஏழு அருட்சாதனங்களுள் ஒன்றென நிறுவ இயலாது என எராஸ்மஸ் தம் குறிப்பில் காட்டினார். லூத்தர் 1520இல் எழுதிய 'பாபிலோனியச் சிறையிருப்பு' என்னும் நூலில் இச்சொல்லாராய்ச்சி முழு வலிமையோடு பயன்படுத்தப்பட்டது.

1526இல் எராஸ்மஸ் வெளியிட்ட 'கிறிஸ்தவத் திருமண முறைமை' என்னும் பெருநூல் ஆயர்கள் கற்கத்தக்கது. சாட்சிகளும் பெற்றோரும் அறியாமல் நிகழும் இரகசியத் திருமணங்கள் இளம்பெண்களை எவ்வாறு கெடுக்கின்றன என்பதை அதில் அவர் விரித்துரைத்தார். 1529இல் எழுதிய ஓர் உரையாடலில், கொடுநோய் பீடித்த ஒரு பிரபுவுக்குப் பட்டத்தின் பொருட்டுத் தம் மகளை மணமுடிக்கும் பெற்றோரைக் கடுமையாகச் சாடினார். ஆயினும் 1523இல் வந்த மற்றோர் உரையாடலில், தடியோங்கும் கணவனைப் பற்றிக் குறைகூறும் மனைவிக்கு அவள் தோழி கூறும் மருந்து பொறுமையும் இன்சொல்லுமேயாம். கணவன் திருந்துவதும் அவள் பொறுப்பாகின்றது. திருமணம் உயர்த்தப்பட்டது, அதன் சுமையை அதிகமாகச் சுமப்பவர் யார் என்பது மாறவில்லை.

4. கற்ற பெண்

பெண் கல்விக்கு மானிடவாதிகள் செய்த தொண்டு மறக்கற்பாலதன்று. தாமஸ் மோர் தம் மகள் மார்கரெட்டுக்கு இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். அவர் கர்த்தருடைய ஜெபத்தைப் பற்றிய எராஸ்மஸின் நூலை 1524இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதே ஆண்டில் எராஸ்மஸ் எழுதிய 'மடாதிபதியும் கற்ற பெண்மணியும்' என்னும் உரையாடலில், நூல்களை வெறுக்கும் ஒரு மடாதிபதியை மக்தாலியா என்னும் பெண் மடக்குகிறாள். நீங்கள் விழித்துக்கொள்ளாவிடில் இறையியல் பள்ளிகளிலும் பிரசங்க பீடங்களிலும் பெண்களே அமர்வர் என அவள் எச்சரிக்கின்றாள். அன்று அது நகைச்சுவை. பெண்களும் இறையியல் கற்று ஆயர்களாக அபிஷேகம் பெறும் இந்நாளில் நாம் அதனை வேறு முகத்தோடு வாசிக்கின்றோம்.

எனினும் கற்ற பெண்ணுக்கும் பழைய அளவுகோல் இடைஞ்சலாயிற்று. வெரோனா நகரின் இசோத்தா நொகரோலா 1451இல் ஆதாம், ஏவாள் இருவரில் யார் பாவம் பெரிது என்பதைப் பற்றி ஓர் அறிஞரோடு எழுத்து மூலம் வாதிட்டார். ஏவாளின் பக்கம் பேசிய அவர், பெண் இயல்பிலேயே வலுக்குறைந்தவளாதலின் அவள் குற்றம் சிறிது என வாதிட நேர்ந்தது. எதிரி அமைத்த அரங்கில் நின்று வாதாடுவோரின் இக்கட்டு இது.

5. கைம்பெண்ணுக்கு எழுதிய நூல்கள்

இனி நம் தலையாய பொருளுக்கு வருவோம். ஸ்பானியரான ஹுவான் லூயிஸ் வீவெஸ் 1523இல் புரூஜ் நகரில் இருந்து எழுதி, 1524இல் வெளியான 'கிறிஸ்தவப் பெண்ணின் கல்வி' மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதி கன்னியர்க்கும், இரண்டாம் பகுதி மனைவியர்க்கும், மூன்றாம் பகுதி கைம்பெண்களுக்கும் உரியது. துயரத்தின் அளவு, கணவனின் நினைவு, வீட்டிலும் வெளியிலும் நடக்கவேண்டிய முறை, மறுமணம் ஆகியன மூன்றாம் பகுதியின் பொருள்கள். கணவன் முற்றிலும் இறந்துவிடவில்லை. அவன் ஆன்மா வாழ்கின்றது. ஆகவே அவன் காண வாழ்வதுபோல் அவள் வாழ வேண்டும் என்பது வீவெஸின் கருத்து. மறுமணத்தைப் பாவமெனக் கூறுவது திருச்சபைக்கு மாறான கொள்கை என அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் அதனைத் தவிர்ப்பதே நன்று என்றார். வீவெஸ் பெண்களிடம் சற்றுக் கடுமையாக இருக்கிறார் என்று எராஸ்மஸே 1527இல் அவருக்கு எழுதி, சொந்த மனைவியிடமாவது மென்மையாக நடந்துகொள்வார் என நம்புவதாகக் குறிப்பிட்டார்.

வீவெஸ் ஏழைகளை அறியாதவர் அல்லர். 1526இல் புரூஜ் நகர ஆட்சியாளருக்கு அவர் எழுதிய நூல், ஏழைகளைக் கணக்கெடுத்து ஆதரிப்பது நகரத்தின் கடமை என முறையாக வகுத்துக் கூறிய தொடக்ககால நூல்களுள் ஒன்று. ஆனால் பெண்ணுக்கு எழுதிய நூலில் கைம்பெண் முதன்மையாகக் கற்பைப் பற்றிய பொருளாகின்றாள். நகரத்துக்கு எழுதிய நூலில்தான் உணவும் உறையுளும் வருகின்றன. ஒரே ஆசிரியரின் மேசையில் இருந்த இவ்விரு நூல்களும் ஒன்றோடொன்று பேசவில்லை.

வீவெஸின் 1524ஆம் ஆண்டு நூலும், எராஸ்மஸின் 1526ஆம் ஆண்டுத் திருமண நூலும் ஒரே பெண்மணிக்குக் காணிக்கையாக்கப்பட்டவை. அவர் இங்கிலாந்தின் அரசியாகிய அரகோன் கேத்தரின். 1502இல் முதற்கணவர் ஆர்தர் இறந்தபின், 1509இல் எட்டாம் ஹென்றியை மணக்கும் வரை ஏழு ஆண்டுகள் அந்நிய நாட்டில் பணமுடையோடும் நிச்சயமற்ற நிலையிலும் காத்திருந்தவர் அவர். ஆகவே கைம்மை என்பது அவருக்கு ஏட்டுப்பொருள் அன்று. 1533இல் ஹென்றியோடு அவர் செய்த திருமணம் செல்லாதெனத் தீர்க்கப்பட்டபோது, ஆர்தரின் கைம்பெண் என்னும் பட்டத்தை ஏற்குமாறு அவர் கட்டாயப்படுத்தப்பட்டார். கணவர் என அவர் அறிந்த மனிதர் உயிரோடிருக்கையிலேயே அரசாணை அவரைக் கைம்பெண்ணாக்கிற்று. 1536இல் இறக்கும் வரை அவர் அப்பட்டத்தை ஏற்கவில்லை. ஒரு பெண்ணின் நிலை முற்றிலும் ஆடவரோடு அவளுக்குள்ள தொடர்பினாலேயே வரையறுக்கப்படுமாயின், அவ்வரையறையை எழுதுபவர் கையில் அவள் என்னாவாள் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எராஸ்மஸின் 'கிறிஸ்தவக் கைம்பெண்' 1529இல் வந்தது. அங்கேரியின் அரசர் இரண்டாம் லூயி 1526இல் மொகாச் போரில் மாண்டபோது அரசி மேரிக்கு வயது 20. அவருடைய அரண்மனைப் பிரசங்கியாரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பட்டது இந்நூல். யூதித்து, நகோமி, ரூத், அன்னாள் ஆகியோர் எடுத்துக்காட்டுகளாக வருகின்றனர். வீவெஸினும் எராஸ்மஸ் மென்மையானவர். கன்னிமை, திருமணம், கைம்மை ஆகிய நிலைகளைக் காட்டிலும் உள்ளத்தின் பக்தியே கடவுள் முன் மதிப்புடையது என்பது அவர் கொள்கை. மறுமணத்தை அவர் தடைசெய்யவில்லை. எனினும் இந்நூலிலும் நன்னெறி கூறப்படுவது கைம்பெண்ணுக்கே. அதே அரசிக்கு லூத்தரும் 1526இல் நான்கு சங்கீதங்களின் விளக்கத்தை ஆறுதலாக எழுதி அனுப்பியிருந்தார். மேரி மறுமணம் செய்யவில்லை. 1531 முதல் 1555 வரை நெதர்லாந்தை ஆண்டார். இரு பெரும் இறையியலாரின் ஆறுதலைப் பெற்ற அவருக்கு ஆட்சிப் பொறுப்பும் வருவாயும் இருந்தன. கிராமத்துக் கைம்பெண்ணுக்கு இவை இல்லை.

6. கைம்பெண்ணே எழுதியபோது

இந்நூல்களுக்கு நூறாண்டுகளுக்கு மேற்பட்ட முன்னர், கைம்பெண் ஒருவரே எழுதியதை ஈண்டு ஒப்புநோக்கலாம். வெனிசில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த கிறிஸ்தின் தெ பிசான் 25 வயதில் கணவரை இழந்தார். மூன்று பிள்ளைகளும் தாயும் அவர் பொறுப்பில் இருந்தனர். கணவருக்குச் சேரவேண்டிய பணத்துக்காக அவர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் அலைந்தார். பின்னர் எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார். 1405இல் அவர் எழுதிய 'பெண்களின் நகரம்' பெண்ணினத்தைப் பழித்த நூலோரை மறுத்தது. அதனைத் தொடர்ந்து எழுதிய அறிவுரை நூலில் கைம்பெண்களுக்கு அவர் கூறுவன: கடன்களையும் உரிமைகளையும் தெளிவாக அறிந்துகொள், வழக்கு வந்தால் நல்ல சட்ட அறிஞரைத் தேடு, இனிமையாகப் பேசு, ஆனால் அஞ்சாதே. பக்தியை அவர் விட்டுவிடவில்லை. அதனோடு கணக்கேட்டையும் வைத்தார். ஆடவர் கைம்பெண்ணின் கற்பைப் பற்றி எழுதிய இடத்தில், கைம்பெண் தன் கடன்காரரைப் பற்றி எழுதினார்.

7. சீர்திருத்தச் சபையின் கைம்பெண்கள்

சீர்திருத்தத் தலைவர்கள் ஜெரோமின் படித்தரங்களைக் கைவிட்டனர். ஆயர்கள் மணம் செய்தனர். அதனால் திருச்சபைக்குப் புதியதொரு நிலை தோன்றிற்று. அதுவே ஆயரின் கைம்பெண்.

பாசல் நகரின் விப்ராந்திஸ் ரோசென்பிளாட் என்பவர் முதலில் லூத்விக் கெல்லர் என்னும் மானிடவாதியை மணந்து 1526இல் கைம்பெண்ணானார். 1528இல், எராஸ்மஸின் புதிய ஏற்பாட்டுப் பதிப்புக்குத் துணைநின்ற ஒயிகோலம்பாதியுஸ் அவரை மணந்தார். லூத்தரின் இயக்கத்தைத் துன்பியல் நாடகம் என்கின்றனர். எப்போதும் கல்யாணத்தில் முடிவதால் அது இன்பியல் நாடகமே என எராஸ்மஸ் நகையாடினார். திருமணத்தைப் புகழ்ந்தவர் ஆயரின் திருமணத்தைக் கண்டு சிரித்தார். விப்ராந்திஸ் பின்னர் கப்பித்தோவையும், 1542இல் மார்ட்டின் புட்சரையும் மணந்தார். பிள்ளைகளையும் முதிய தாயையும் பேணியவாறு பாசல், ஸ்டிராஸ்பர்க், கேம்பிரிட்ஜ் ஆகிய நகரங்களில் வாழ்ந்து, 1564இல் கொள்ளைநோயால் இறந்தார். அவர்தம் மறுமணங்களைப் பாவமெனச் சீர்திருத்தச் சபை கருதவில்லை. இது பெரிய மாற்றமே.

ஆயினும் மறுமணம் செய்யாத கைம்பெண்ணின் நிலை யாது? லூத்தர் 1542இல் தம் கையாலேயே எழுதிய மரண சாசனத்தில், மனைவி கத்தரீனாவைச் சொத்துக்கு உரியவராகவும் பிள்ளைகளின் பாதுகாவலராகவும் நியமித்தார். பிள்ளைகளுக்குத் தாயினும் நல்ல காவலர் இல்லை என்பது அவர் எண்ணம். சாக்சனியின் சட்டம் இதற்கு இடந்தரவில்லை. 1546இல் அவர் இறந்தபின், ஆட்சியாளர் சாசனத்தை உறுதிசெய்தாராயினும், கத்தரீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆடவர் காவலராக நியமிக்கப்பட்டனர். போரினால் இருமுறை ஊரைவிட்டு ஓடி, நிலமும் வருவாயும் சிதைந்து, உதவிகேட்டுப் பலருக்கும் விண்ணப்பித்து, 1552இல் தோர்காவு நகரில் அவர் மரித்தார். திருமணத்தின் மாண்பை உலகறியச் செய்த வீட்டின் தலைவிக்கே இந்நிலை.

8. அதிகாரத்தின் முழுமை

இவ்வரலாறு கற்பிப்பது யாது? மானிடவாதிகள் திருமணத்தைப் பற்றி மூலநூலுக்குத் திரும்பினர். அதனால் பல நூற்றாண்டுகளின் தவறு திருந்தியது. கைம்பெண்ணைப் பற்றியோ அவர்கள் பெரும்பாலும் ஜெரோமின் கேள்வியையே கேட்டனர்: இவள் தன்னை எவ்வாறு காத்துக்கொள்கிறாள்? திருமறையின் கேள்வி அதற்கு முற்பட்டது: இவளை நீங்கள் எவ்வாறு காக்கின்றீர்கள்? தோராவும் தீர்க்கரும் இக்கேள்வியை இஸ்ரவேல் முழுவதையும் நோக்கிக் கேட்டனர். அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் முதற்சபையின் முதல் நிர்வாகச் சிக்கலே கைம்பெண்களின் அன்றாட உணவைப் பற்றியதாக இருந்தது.

1 தீமோத்தேயு ஐந்தாம் அதிகாரம் 3ஆம் வசனத்தில் விதவைகளுக்குச் செய்யவேண்டியதாகக் கூறப்படும் கனத்தைக் குறிக்கும் வினைச்சொல், 'தீமே' என்னும் பெயர்ச்சொல்லோடு உறவுடையது. அப்பெயர்ச்சொல் அதே அதிகாரத்தின் 17ஆம் வசனத்தில் மீண்டும் வருகின்றது. அங்கே அது போதிக்கும் மூப்பர்களுக்குரிய இரட்டிப்பான கனம். வேலையாளின் கூலியைப் பற்றி 18ஆம் வசனம் பேசுவதால், அக்கனம் பொருளுதவியையும் உள்ளடக்கியது என்பதில் ஐயமில்லை. விதவையைத் தாங்கும் பொறுப்பைப் பற்றி 4, 8, 16 ஆகிய வசனங்கள் கூறுவனவும் இப்பொருளையே வலியுறுத்துகின்றன. 17ஆம் வசனத்தைக் கொண்டு நம் சம்பளத்துக்கு ஆதாரம் காட்டும் ஆயர்களாகிய நாம், 3ஆம் வசனத்தை வெறும் மரியாதை எனச் சுருக்குதல் நேர்மையாகாது.

அப்பகுதியில் ஒழுக்கத்தைப் பற்றிய வசனங்களும் உள்ளன. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவை சபை ஏற்றுக்கொண்ட ஒரு பொறுப்பின் உள்ளே நின்று பேசுகின்றன. பொறுப்பை நீக்கிவிட்டு ஒழுக்கத்தை மட்டும் நிறுத்தினால், அறிவுரை காவலாக மாறிவிடுகின்றது. நம் சபைகளில் திருமண வீட்டின் முன்வரிசையில் அமரக் கைம்பெண் தயங்குவாளாயின், மகனின் மணமேடையில் தாயாக நிற்க அவள் அழைக்கப்படாவிட்டால், அவளுடைய ஓய்வூதியத்துக்கும் நிலத்துக்கும் உரிய தாள்களை எழுதிக்கொடுக்க ஒருவரும் இல்லாவிட்டால், நம் வேத ஆராய்ச்சி வகுப்பு அரைகுறையாகவே நடந்துள்ளது என்று பொருள்.

அன்று என்னிடம் கேள்வி கேட்ட சகோதரிக்கு நான் உடனே விடை கூறவில்லை. அடுத்த வாரம் அதே அதிகாரத்தை மறுபடியும் எடுத்து, மூன்றாம் வசனத்திலிருந்து தொடங்கினேன். இம்முறை விதவைகளை நோக்கியன்று, சபை மூப்பர்களை நோக்கிப் பேசினேன்.